மகனைக் கடைக்கு அழைக்கும் முன்

ஐயா, வணக்கம்.

டிப்ளோமா முடித்த மகன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போகிறேன் என்கிறான், அப்பா காலத்திலிருந்து பினாங்கு கடைத்தெருவில் இருக்கும் மசாலாக் கடையை இனி யார் பார்ப்பது, நீங்கள்தான் அவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்று கேட்டீர்கள். ஒரு மணி நேரம் அவனோடு பேசினேன். "கடை எனக்குப் பிடிக்கும் சார். அங்கே வேலை பார்க்கத்தான் பிடிக்கல" என்றான்.

கோபப்படாமல் கேளுங்கள். யாருக்கு எந்த நாள் லீவு என்பதை முதல் நாள் ராத்திரிதான் சொல்கிறீர்கள். முன்பணக் கணக்கு 555 என்ற சின்ன நோட்டுப் புத்தகத்தில், அந்தப் புத்தகமோ உங்கள் சட்டைப் பையில். எடை தவறிவிட்டால் வாடிக்கையாளர் முன்னாலேயே சத்தம் போடுகிறீர்கள். தொழிற்சாலையில் ஷிப்ட் முன்கூட்டியே தெரியும், ஓவர்டைம் சம்பளச் சீட்டில் வந்துவிடும். ஆறு வருடம் பொட்டலம் கட்டிய அக்கா சொல்லாமல் வேலையை விட்டு நின்றுகொண்டதும் இதனால்தான் என்று அவன் நினைக்கிறான். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

மலேசியச் சட்டமும் முன்போல் இல்லை. 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆகிவிட்டது. வேலை நேரத்தை மாற்றித் தரும்படி ஊழியர் எழுதிக் கேட்டால் 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். ஐந்து பேருக்குக் குறைவான கடைகளுக்கும் 2025 ஆகஸ்ட் 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). சம்பளத்தில் பெரிய கம்பெனிகளோடு உங்களால் மல்லுக்கட்ட முடியாது, சரி. ஆனால் ஆளை மதித்து நடத்துவதில் அவர்களை நீங்கள் தாராளமாக மிஞ்சலாம். நாலு பேர் கடையில் ஒருவர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்றே உங்களுக்குத் தெரியுமே!

இந்த ஞாயிற்றுக்கிழமையே அடுத்த வார லீவு அட்டவணையை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். திட்ட வேண்டியிருந்தால் பின்கட்டில் தனியாகப் பேசுங்கள். அப்புறம், மகன் கையில் "செலவுக்கு வச்சுக்கோ" என்று காசு கொடுப்பதை நிறுத்திவிட்டு, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோவோடு (சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) சம்பளம் போடுங்கள். வாட்ஸ்அப் ஆர்டர்களை முழுக்க அவனிடம் விடுங்கள், மூன்று மாதம் குறுக்கே போகாதீர்கள். அதன் பிறகும் தொழிற்சாலைதான் என்றால் மனதாரப் போகவிடுங்கள். சரக்கு இருப்பைக் கணக்கு வைக்கும் முறையை அங்கே கற்றுக்கொள்வான்.

அதற்கு முன் அந்த அக்காவுக்கு ஒரு போன் போடுங்கள். திரும்பி வரச் சொல்ல வேண்டாம். ஏன் போனீர்கள் என்று மட்டும் கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருங்கள்.