மூடப்பட்ட ஒன்லைன் கேம்களைத் தொடர்ந்து விளையாட வழி விட வேண்டும் என்று சட்டம் கொண்டுவரலாமா?

கட்டாயம் கொண்டுவர வேண்டும் என்பதுதான் என் பதில். ஆனால் இதைச் சொன்னதும் பலர் வேறு மாதிரி விளங்கிக்கொள்கிறார்கள். நட்டத்தில் ஓடும் சர்வரை (கேமை இணையம் வழியாக இயக்கும் கொம்பியூட்டரை) நிறுவனம் ஆயுள் முழுக்க ஓட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. காசு வாங்கி விற்ற கேமை மூடும் நாளில், வாங்கியவர் தன் பாட்டில் தொடர்ந்து விளையாடக்கூடிய நிலையில் அதை விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான் கோரிக்கை.

இந்தப் பேச்சு பெரிதாகக் காரணம் 'த க்ரூ' என்ற கார் ஓட்டும் கேம். யுபிசொஃப்ட் என்ற நிறுவனம் அதை 2014 டிசம்பரில் வெளியிட்டது. அமெரிக்காவைச் சுருக்கி ஒரே வரைபடமாக்கி, கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை நிற்காமல் ஓட விட்டிருந்தார்கள். தனி ஆளாகவே விளையாடி முடிக்கக்கூடிய கதையும் அதில் உண்டு. ஆனாலும் சர்வரோடு தொடர்பு இல்லாவிட்டால் கேம் திறக்காது. 2024 மார்ச் 31 அன்று அந்தச் சர்வரை நிறுத்தினார்கள். டிஸ்க்கைக் காசு கொடுத்து வாங்கியவரின் கையில் இன்றைக்கும் டிஸ்க் இருக்கிறது, போட்டால் ஒன்றும் நடக்காது. ரொஸ் ஸ்கொட் என்ற யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஐரோப்பிய ஒன்றியம் இந்தக் கோரிக்கை மனுவைப் பரிசீலிக்க ஒரு வருடத்துக்குள் 10 லட்சம் கையெழுத்து தேவைப்பட்டது. 2025 ஜூலையில் அந்த எண்ணிக்கையைத் தாண்டினார்கள், சரிபார்த்த பிறகும் 10 லட்சத்துக்கு மேல் நின்றது. பிரிட்டனில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு 2025 நவம்பரில் பாராளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்தது. ஆனால் நுகர்வோர் சட்டத்தை மாற்றும் திட்டம் இல்லை என்பதுதான் அரசின் பதிலாக இருந்தது.

கலிபோர்னியாவில் இரண்டு பேர் யுபிசொஃப்ட் மீது வழக்கும் போட்டார்கள். நிறுவனத்தின் வாதம், உங்களுக்கு விற்றது கேம் அல்ல, அதைப் பயன்படுத்தும் அனுமதி மட்டும்தான் என்பது. அதே மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. டிஜிட்டலாக விற்கும் கடைகள், வாங்குபவருக்குக் கிடைப்பது அனுமதி மட்டும்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நல்ல சட்டம்தான், ஆனால் பாதி வேலை. இழக்கப் போகிறாய் என்று முன்கூட்டியே சொல்வதால் இழப்பு நின்றுவிடாது.

நான் திருகோணமலையில் இருந்துகொண்டு இதைப் பற்றி ஏன் இவ்வளவு கதைக்கிறேன்? எங்கள் வயதுப் பெடியள் கேம் பழகியது நெற் கபேயில். ரியூஷன் முடிந்ததும் என்.சி. வீதிப் பக்கம் ஒரு கடைக்குள் நுழைந்தால் எல்லாத் திரையிலும் கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 என்ற சுடும் கேம் ஓடும். கடையின் இணையம் ஆமை வேகம், சில நாள் அதுவும் இருக்காது. அது எங்களைத் தடுக்கவே இல்லை. கடைக்கார அண்ணா தன் மேசைக் கொம்பியூட்டரில் சர்வரை ஓட்டுவார், மற்றவை கேபிளில் இணைந்திருக்கும். கிண்ணியாவிலிருந்து வந்த பெடியனும் உவர்மலைப் பெடியனும் ஒரே அணியில் நின்று விளையாடினோம். அந்தக் கேமின் முந்தைய பதிப்புகள் ஓடிய வொன் என்ற ஒன்லைன் சேவையை 2004-லேயே மூடிவிட்டார்கள். அதனால் கேம் சாகவில்லை, ஏனென்றால் சர்வரை ஓட்டும் மென்பொருள் விளையாடுபவர் கையில் இருந்தது. இன்றைக்கும் இரண்டு கொம்பியூட்டரும் ஒரு கேபிளும் இருந்தால் விளையாடலாம். முடியாது என்று இப்போது பெரிய நிறுவனங்கள் சொல்வது, இருபது வருடத்துக்கு முன்பு சாதாரணமாக நடந்த விஷயம்.

இன்னொன்றும் உண்டு. பாரிஸில் இருக்கும் என் சித்தப்பா மகனும் நானும் பல இரவுகள் ஒரு கார்க் கேமில்தான் சந்தித்தோம். (த க்ரூ அல்ல, வேறொன்று.) போனில் 'சாப்பிட்டியா, வேலை எப்படி' என்பதோடு கதை முடிந்துவிடும். கேமுக்குள் பக்கத்துப் பக்கத்தில் வண்டி ஓட்டும்போது மணிக்கணக்காகக் கதைப்போம். பெரிய ஃபைல், அதனால் இரவு 12 மணிக்குப் பிறகு கிடைக்கும் டேட்டாவில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். காசும் டொலரில் கட்டியது. 2022-ல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காசின் பாரம் தெரியும். பிறகு அதையும் மூடினார்கள். இரண்டு பேர் மட்டும் சேர்ந்து ஓட ஒரு வழி விட்டிருந்தாலே எங்களுக்குப் போதும்.

சரி, எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது? ஐரோப்பிய கேம் நிறுவனங்களின் அமைப்பு வைக்கும் முக்கியமான வாதங்கள், தனியார் சர்வர்களில் விளையாடுபவரின் தரவுக்குப் பாதுகாப்பு இருக்காது, அங்கே நடக்கும் கெட்ட காரியங்களுக்குக் கேமின் உரிமையாளர் பொறுப்பாக நேரிடும், ஒன்லைனுக்காகவே கட்டிய கேமைப் பிரித்துக் கொடுப்பது பெருஞ்செலவு என்பவை. பொறுப்புப் பற்றிய பயத்தைச் சட்டமே தீர்க்கலாம். கையளித்த பிறகு நடப்பதற்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று எழுதிவிட்டால் முடிந்தது. கேமில் வரும் கார், பாட்டு ஆகியவற்றின் உரிம ஒப்பந்தங்கள் காலாவதியாகும் என்பதும் உண்மை. அதற்காகப் புதிதாக விற்பதை நிறுத்தட்டும், ஏற்கெனவே விற்றதை முடக்க அது காரணமாகாது.

செலவுப் பிரச்சினைதான் கனமானது. இப்போதைய பெரிய கேம்களின் சர்வர் என்பது ஒற்றை மென்பொருள் அல்ல. கணக்கைச் சரிபார்க்க ஒன்று, ஆட்களைச் சேர்த்துவிட ஒன்று, சேமிப்புக்கு ஒன்று என்று பல துண்டுகள், அவற்றில் சில வேறு நிறுவனங்களிடம் வாடகைக்கு எடுத்தவை. பத்து வருடம் ஓடிய பிறகு இதை அவிழ்ப்பது கஷ்டம்தான். அதனால் சட்டம் பழைய கேம்களைத் தொடக் கூடாது, இனி வரப்போகிறவற்றுக்கு மட்டும் பொருந்த வேண்டும். முடிவு எப்படி இருக்கும் என்று முதல் நாளே தெரிந்து கட்டினால் செலவு வெகுவாகக் குறையும். செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். நொக்அவுட் சிட்டி 2023-ல் மூடப்பட்டபோது, கொம்பியூட்டரில் தனியார் சர்வரோடு விளையாடும் பதிப்பை அதை உருவாக்கியவர்களே வெளியிட்டார்கள். சிட்டி ஒஃப் ஹீரோஸ் 2012-ல் மூடப்பட்டது. ரசிகர்கள் தாங்களாக ஓட்டிய சர்வருக்கு 2024 ஜனவரியில் உரிமையாளரே அனுமதி கொடுத்தார். அந்த ரசிகர்கள் அத்தனை வருடம் சட்டப் பயத்தோடு ஓட்டியிருக்க வேண்டியதே இல்லை.

மாதச் சந்தாவுக்கு மட்டும் விற்கும் கேம்களில் எனக்கு இந்த இயக்கத்தின் தீவிர ஆதரவாளர்களோடு உடன்பாடு இல்லை. இந்த மாதக் காசு கட்டினால் இந்த மாதம் விளையாடலாம் என்று தெளிவாக விற்றால், நிறுத்துவது அவர்கள் உரிமை. முழு விலையை ஒரே தடவையில் வாங்கிவிட்டு, எவ்வளவு காலம் ஓடும் என்று சொல்லாமல் விடுவதுதான் அநியாயம். சோனி தன் கொன்கோர்ட் கேமை 2024-ல் இரண்டே வாரத்தில் நிறுத்தியபோது வாங்கியவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தது. அதுவும் ஏற்றுக்கொள்ளக்கூடிய வழிதான்.

இலங்கையில் அச்சிடும் நூல்களின் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற சட்டம் 1885-லேயே வந்துவிட்டது. எந்த நூல் நாளைக்குத் தேவைப்படும் என்று தெரியாததால்தான் எல்லாவற்றையும் காக்கிறோம். கேமுக்கு அந்த மரியாதை பல நாடுகளில் இன்னும் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்ட்ரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023-ல் கணக்கெடுத்துச் சொன்னது.

ஐரோப்பா இப்படி ஒரு சட்டம் போட்டால் நமக்கும் பெரும்பாலும் பலன் கிடைக்கும், ஏனென்றால் நமக்கென்று தனிப் பதிப்புச் செய்து யாரும் விற்பதில்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் குடியுரிமை உள்ளவர்கள் மட்டும்தான் அங்கே நடந்த மனுவில் கையெழுத்திட முடிந்தது. சித்தப்பா மகன் போட்டான். நமக்கு 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. அதைத் திருத்தும் பேச்சு எப்போது வந்தாலும், முழு விலைக்கு விற்கும் கேம் குறைந்தது எந்தத் திகதி வரை ஓடும், அதன் பிறகு வாங்கியவருக்கு என்ன மிஞ்சும் என்ற இரண்டையும் விற்கும்போதே எழுத்தில் கொடுக்க வேண்டும் என்ற விதியை அதில் சேர்க்கும்படி நாம் கேட்க வேண்டும்.