காலநிலைப் பேரழிவுக்குப் பிறகான உலகத்தைச் சொல்லும் கதைகள் நம்பும்படி இருக்கின்றனவா?

நான் இராமேசுவரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்துக்காரன். சில வருடங்களுக்கு முன்பு அப்படி ஒரு கதையை நானே எழுதினேன். வருடம் 2090. ஒரே இரவில் கடல் ஏறி இராமேசுவரம் தீவை விழுங்கிவிடும். தப்பித்த நாலைந்து பேர் ஒரு தண்ணீர் லாரிக்காக வெட்டிக்கொண்டு சாவார்கள். எழுதி முடித்த சந்தோஷத்தில் அப்பத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "சரி, மறுநா காலையில யாருடா அடுப்பு பத்த வச்சா?" என்றாள்.

என் கதையில் அதற்குப் பதில் இல்லை. நான் படித்த பல கதைகளிலும் இல்லை. அதனால் என் பதில் இதுதான்: அலை அடிக்கிற வரைக்கும் இந்தக் கதைகளை நம்ப முடிகிறது. மறுநாள் விடிந்த பிறகு முடிவதில்லை.

அப்பத்தா தனுஷ்கோடியில் பிறந்தவள். 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்தபோது அவளுக்கு 11 வயது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலை நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்களோடு கடல் கொண்டுபோனது அந்த இரவில்தான். அப்பத்தா வீட்டார் மணல்மேட்டில் ஏறிப் பிழைத்திருக்கிறார்கள். அந்த இரவைப் பற்றிக் கேட்டால் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவாள். அதற்குப் பிறகான நாட்களைக் கேட்டால் பொழுது போவதே தெரியாது. யார் வீட்டுப் பானை உடையாமல் கிடந்தது, யார் பிள்ளைக்கு யார் பால் கொடுத்தார்கள், நனைந்த அரிசியை எந்தத் தகரத்தில் காயப் போட்டார்கள் என்று வரிசையாகச் சொல்வாள். வெட்டுக்குத்து ஒன்றுகூட அதில் வராது.

சேதமான பாம்பன் ரயில் பாலத்தை 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். இராமேசுவரத்துக்கு ரயில் திரும்ப வந்தது. தனுஷ்கோடிக்கு இன்றுவரை வரவில்லை. இலங்கைக்குக் கப்பல் போய்வந்த ஒரு துறைமுக ஊரை, ஆள் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. ஆனாலும் மீன்பிடிக்கிற சனம் அங்கே போய்க் குடிசை போட்டது. 2017-இல் நிலம் முடியும் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வருவதற்கு முன்பே இரண்டு தலைமுறை அங்கே பிறந்து வளர்ந்துவிட்டது. பேரழிவுக்குப் பிறகான வாழ்க்கை என்றால் எனக்கு நினைவுக்கு வருவது இந்தக் குடிசைகள்தான்.

அவர்களை அங்கே இருக்க வைத்தது ஊத்துத் தண்ணீர். இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒரு துண்டு மணல், அதைத் தோண்டினால் குடிதண்ணீர். சின்ன வயதில் அப்பத்தாவோடு போய்ப் பார்த்திருக்கிறேன். குழி பறித்து, முதலில் ஊறுகிற கலங்கலை இறைத்து வெளியே கொட்டுவாள். அப்புறம் குத்தவைத்துக் காத்திருப்பாள். தெளிந்ததும் சிரட்டையை மெதுவாகச் சாய்த்து, மேலாக மட்டும் மொண்டு குடத்தில் ஊற்றுவாள். நான் கையை விட்டு அளைந்தால் அடி விழும். முதல் சிரட்டைத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்காமல் குடத்தில் ஊற்ற மாட்டாள்.

அந்த நாக்குக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. மழைத்தண்ணீர் கடல்தண்ணீரைவிட லேசானது. மணலுக்குள் இறங்கிய மழை, அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும். கடல்மட்டம் ஏறினாலும் சரி, மேலே இருப்பதை மோட்டார் போட்டு உறிஞ்சினாலும் சரி, உப்பு மேலே வந்துவிடும். 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. கிட்டத்தட்ட ஒரு சாண். கதையில் எழுதினால் யாருக்கும் பயம் வராத அளவு. எனக்கு வருகிறது. என்றைக்கு ஒருத்தி மொண்டு பார்த்துவிட்டுத் துப்புகிறாளோ, அன்றைக்குத்தான் அந்த ஊர் உண்மையாக முடிகிறது. அதற்குப் புயலே வேண்டாம்.

கடலுக்குள்ளும் இப்படித்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. அலையைத் தடுத்து நின்ற பவளப்பாரை வெட்டி எடுத்து, வீடு கட்டவும் சுண்ணாம்புக்கும் விற்றோம். மனிதர்கள் செய்த வேலை இது, மறைக்க வேண்டியதில்லை. மிச்சமிருக்கும் பவளம் தண்ணீர் சூடேறும்போது வெளுக்கிறது. அதற்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசியை, சூடு தாங்காமல் பவளமே வெளியே தள்ளிவிடுகிறது. 2010-இலும் 2016-இலும் இது பெரிய அளவில் நடந்தது. கடல்பாசி எடுக்க முங்கும் எங்கள் சித்தி, பவளப்பாரு சாம்பல் பூத்த மாதிரி கிடந்ததாகச் சொன்னாள்.

அப்புறம் 2024 நவம்பர் 20. இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. எங்கள் வாசலில் முட்டளவு தண்ணீர், வீட்டுக்குள் குடிக்க அரைக்குடம்.

அதனால், நீங்கள் இப்படிக் கதை எழுதுகிறவராக இருந்தால் அலையை ஒரு பக்கத்தில் முடித்துவிடுங்கள். மிச்சப் பக்கத்தையெல்லாம் குடம் தூக்கிப் போகிறவளுக்குக் கொடுங்கள். அவள் எவ்வளவு தூரம் நடக்கிறாள், யாரிடம் கடன் கேட்கிறாள், ஊரே இல்லை என்றான பிறகு விலாசம் என்று எதை எழுதிக் கொடுக்கிறாள் என்று பாருங்கள்.

நானும் என் கதையைத் திருப்பி எழுதினேன். லாரியும் அரிவாளும் போய்விட்டன. இப்போது அது, 2090-இல் ஒரு சின்னப் பெண் தென்கடல் கரையோரம் உட்கார்ந்து ஊத்து தோண்டுவதில் தொடங்குகிறது. போன மாதம் அப்பத்தாவிடம் வாசித்தேன். முதல் பத்தியிலேயே நிறுத்தச் சொன்னாள். "கரையோரத்துல தோண்டுனா உப்பாத்தாண்டா வரும். அந்தப் பிள்ளைய எந்திரிச்சு நடுமேட்டுக்குப் போகச் சொல்லு."