ஸ்டீயரிங் ஏன் கோணலாக நிற்கிறது?

கேள்வி: என்னிடம் 2005ஆம் ஆண்டு மாருதி 800 இருக்கிறது. சென்ற மாதம் முன்பக்கம் புது டயர் போட்டு, அதே கடையில் வீல் அலைன்மென்ட்டும் பார்த்தேன். அன்றிலிருந்து கார் நேராகத்தான் ஓடுகிறது; ஆனால் ஸ்டீயரிங் மட்டும் இடப்பக்கம் திரும்பியபடி நிற்கிறது. ஸ்டீயரிங்கைக் கழற்றி நேராக மாட்டிவிட்டால் போதும் என்கிறார் எங்கள் மெக்கானிக். செய்யலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: அப்படிச் செய்ய வேண்டாம். கழற்றி மாட்டினால் பார்வைக்கு நேராகிவிடும். கோளாறு கீழே அப்படியே இருக்கும். உங்கள் காரில் ஸ்டீயரிங் நேராக நிற்கும்போது ரேக்கும் (ஸ்டீயரிங்கைத் திருப்பினால் இடமும் வலமுமாக நகரும் பல் தண்டு) சரியாக நடுவில் நிற்க வேண்டும். அதன் இரு முனைகளிலிருந்தும் டை ராடுகள் எனும் இணைப்புக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே நீளத்தில் சென்று சக்கரங்களைப் பிடித்திருக்க வேண்டும். ரேக் நடுவில் இல்லாதபோது ஸ்டீயரிங்கை மட்டும் மாற்றி மாட்டினால், வண்டி ஒரு பக்கம் நன்றாக ஒடியும், மறுபக்கம் அந்த அளவுக்கு ஒடியாது. ஏர்பேக் உள்ள கார்களில் இந்த வேலை ஆபத்தானதும்கூட.

அலைன்மென்ட்டுக்குப் பிறகுதான் இது தொடங்கியது என்பதால், காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஸ்டீயரிங்கை நேராக வைத்துப் பூட்டாமல் வேலை செய்திருக்கலாம்; அல்லது இரு பக்கமும் பகிர்ந்து செய்ய வேண்டிய திருத்தத்தை ஒரே பக்க டை ராடில் முடித்திருக்கலாம். அப்படிச் செய்தாலும் இரு சக்கரங்களுக்கும் சேர்த்துப் பார்க்கும் டோ அளவு (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது) திரையில் சரியாகவே வரும். டயரும் ஒழுங்காகத் தேயும். ஸ்டீயரிங் மட்டும்தான் கோணலாக நிற்கும். இதை நீங்களே சரிபார்க்கலாம். இரு பக்கமும் குனிந்து, டை ராடின் நீளம் மாறாமல் இறுக்கிப் பிடிக்கும் லாக் நட்டுக்கு வெளியே எத்தனை மரை தெரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் நிறைய மரையும் மறுபக்கம் மிகக் குறைவாகவும் தெரிந்தால் விஷயம் வெளிப்படை.

திருத்துவதற்கு முன், முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். டை ராடு எண்டில் (டை ராடு சக்கரத்தோடு சேரும் மூட்டு) ஆட்டம் இருந்தால் அதை மாற்றிய பிறகே மற்ற வேலை. ஆட்டத்தோடு வைக்கும் எந்த அளவும் நிலைக்காது. அடுத்து ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சுற்றி, மொத்தச் சுற்றில் சரிபாதியில் நிறுத்த வேண்டும். அங்கே ஸ்டீயரிங் நேராக நின்றால் டை ராடுகளைத் திருத்தினால் போதும். அங்கேயும் கோணலாக நின்றால், முன்பு யாரோ அதைக் கழற்றித் தவறாக மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த ஒரு நிலையில் மட்டும் அதைக் கழற்றுவது நியாயம்.

முன் அச்சுக்குப் பின்னால் ரேக் இருக்கும் கார்களில், ஸ்டீயரிங் இடப்பக்கம் திரும்பி நின்றால் இடது டை ராடைக் குறுக்கி, வலதை அதே அளவு நீட்ட வேண்டும். ரேக்கின் முனையை மூடியிருக்கும் ரப்பர் உறையின் கிளிப்பைத் தளர்த்தி, சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு, ஒரு முறைக்குக் கால் சுற்றாகத் திருகி ஓட்டிப் பார்ப்பது நல்லது. இரு பக்கமும் சம அளவில் மாறுவதால் டோ கெடாது. ஆனாலும் கடைசியில் ஒரு முறை அளந்துவிடுங்கள்.

கேள்வி: பள்ளத்தில் இறங்கிய பிறகு என் பழைய காரின் ஸ்டீயரிங் சாய்ந்துவிட்டது. இதற்கும் அதே வழிதானா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லை. உங்கள் காரில் டை ராடோ, சக்கரத்தைக் கீழே தாங்கிப் பிடிக்கும் லோயர் ஆர்மோ வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். வளைந்த பாகத்தை அப்படியே விட்டு, மரையைத் திருகி ஸ்டீயரிங்கை நேராக்கித் தருவதாக யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்; அதை நெருப்பில் காட்டி நிமிர்த்தவும் விடாதீர்கள். புதுப் பாகம் மாற்றிய பிறகே அலைன்மென்ட் பாருங்கள்.