புரூனோ ஃபெர்னாண்டஸ் இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்றால், 25 வயது வரை அவர் பெயர் ஏன் வெளியே தெரியவில்லை?

நான் இவரை முதலில் பார்த்தது 2016-17 பருவத்தில், இத்தாலியின் சம்ப்தோரியா அணியின் ஆட்டங்களில். பார்த்தேன் என்றுதான் சொல்ல முடியும், கவனித்தேன் என்று சொல்ல முடியாது. அந்த அணியில் பாட்ரிக் ஷிக் என்ற செக் நாட்டு இளைஞர் பந்தைத் தொடும் விதமே தனி அழகு. லூயிஸ் முரியேல் ஓடத் தொடங்கினால் எதிரணிப் பின்களம் கலைந்துபோகும். வயதான குவாலியரெல்லா வேறு கோல் அடித்துக்கொண்டே இருந்தார். இவர்களுக்காகத்தான் தூக்கத்தை விட்டு உட்கார்ந்திருப்பேன். அதே அணியில் 22 வயதில் ஒரு போர்ச்சுகல்காரர் இருந்தார். நல்ல ஷாட் இருக்கிறது என்று நினைத்ததோடு சரி. 2020 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட் அவரை வாங்கியது என்ற செய்தியைப் படித்தபோதுதான், "அட, அந்தப் பையனா?" என்று தோன்றியது.

அதனால் இந்தக் கேள்வி என் கேள்வியும்தான். அப்போதிலிருந்து பழைய ஆட்டங்களைத் தேடித் தேடிப் பார்த்ததில் எனக்குப் புரிந்த பதில் இது: அவர் வளர்ந்த பாதை மற்ற போர்ச்சுகல் வீரர்களின் பாதைக்கு நேர் எதிரானது.

போர்ச்சுகலில் ஒரு திறமையான பையன் பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில் வளர்வான். பென்ஃபிகா, போர்ட்டோ, ஸ்போர்ட்டிங். அந்த மூன்று அகாடமிகளையும் ஐரோப்பா முழுக்க உள்ள கிளப்புகளின் ஆட்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ரூபன் நெவெஸ் போர்ட்டோவில் 17 வயதில் சீனியர் அணிக்கு வந்து, 18 வயதில் சாம்பியன்ஸ் லீகில் தலைவர் பட்டையைக் கட்டினார். ரெனாட்டோ சாஞ்செஸ் பென்ஃபிகாவில் ஒரு பருவம்கூட முழுதாக ஆடவில்லை, 18 வயதில் பயர்ன் மூனிக் வாங்கிவிட்டது. முதலில் வீட்டில் பெயர், அப்புறம் வெளிநாடு. இதுதான் வழக்கம்.

புரூனோவுக்கு அந்த மூன்று வாசலும் கிடைக்கவில்லை. போர்ட்டோ நகரத்தை ஒட்டிய மாயாவில் 1994 செப்டம்பரில் பிறந்தவர். இன்ஃபெஸ்டா என்ற சின்ன கிளப், அதன் பிறகு போவாவிஸ்டா. போவாவிஸ்டா சாதாரண கிளப் இல்லை. 2001-ல் மூன்று பெரியவர்களையும் தாண்டிப் போர்ச்சுகல் சாம்பியன் ஆன கிளப். ஆனால் இவர் அங்கே வளர்ந்த காலம் அதன் மிக இருண்ட காலம். நடுவர்களைச் செல்வாக்கால் வளைத்ததாக எழுந்த ஊழல் வழக்கில் 2008-ல் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டு, அடுத்த ஆண்டே மூன்றாம் பிரிவுக்கும் சரிந்தது. கடன் கழுத்து வரை இருந்தது. 2014-ல்தான் மறுபடி முதல் பிரிவுக்குள் வர முடிந்தது. இப்படிப்பட்ட கிளப்பின் இளையோர் அணியில் ஒருவன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் யார் கண்ணில் படுவான்?

நோவாரா கண்ணில் பட்டான். இத்தாலியின் பியமோந்தே பகுதியில், மிலானுக்கு மேற்கே உள்ள சின்ன நகரம். 2012-ல்தான் அந்த நகரத்தின் கிளப் இத்தாலியின் முதல் பிரிவான சீரி ஆவிலிருந்து இரண்டாம் பிரிவான சீரி பிக்கு இறங்கியிருந்தது. 18 நிறைவதற்குச் சற்று முன்பு புரூனோ அங்கே போனார். போர்ச்சுகலில் ஒரு சீனியர் லீக் ஆட்டம்கூட ஆடாமல், மொழி தெரியாத நாட்டின் இரண்டாம் பிரிவுக்கு. என்னைப் பொறுத்தவரை அவர் வாழ்க்கையின் மிகத் துணிச்சலான முடிவு இதுதான், மான்செஸ்டர் அல்ல. மான்செஸ்டர் கூப்பிட்டால் யாரும் போவார்கள். நோவாராவில் முதலில் இளையோர் அணியில் வைத்தார்கள், சில வாரங்களில் பெரியவர்கள் அணிக்கு ஏற்றினார்கள். லீகில் 23 ஆட்டம், 4 கோல். பருவத்தின் முதல் பாதியில் தடுமாறிய அணி, ஐந்தாம் இடம் பிடித்து பிளே-ஆஃப் வரை போனது. அரையிறுதியில் எம்போலியிடம் தோற்று, சீரி ஆவுக்குத் திரும்பும் வாய்ப்பு போயிற்று. அதற்குள் உள்ளூர் ரசிகர்கள் அவரை நோவாராவின் மரடோனா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

2013-ல் சீரி ஆவில் ஆடிய உதினேசே. போட்சோ குடும்பத்தின் கிளப். உலகம் முழுக்க ஆள் வைத்து, யாரும் அறியாத பையன்களைக் குறைந்த விலைக்கு வாங்கி வளர்த்து, பெரிய விலைக்கு விற்பதுதான் அவர்கள் பிழைப்பு. அலெக்சிஸ் சாஞ்செஸ் அப்படி வளர்ந்தவர்தான். புரூனோ அங்கே மூன்று பருவங்கள் இருந்தார், லீகில் 86 ஆட்டம், 10 கோல். மோசமில்லை. ஆனால் யாரையும் திரும்பிப் பார்க்க வைக்கும் எண்ணும் இல்லை.

ஏன் அப்படி? இதுதான் கேள்வியின் மையம். புரூனோ இயல்பில் முன்கள வீரருக்குச் சற்றுப் பின்னால், கோட்டுக்குள் அடங்காமல் திரிய வேண்டிய ஆட்டக்காரர். இத்தாலியில் அந்த இடத்துக்கு த்ரெக்வார்த்திஸ்தா என்றே ஒரு பெயர் உண்டு. ஆனால் உதினேசே மூன்று பின்கள வீரர்களை வைத்து, நடுவில் ஐந்து பேரை நிறுத்தி ஆடிய அணி. அந்த அமைப்பில் இவருக்கென்று நிலையான இடம் இல்லை. ஒரு நாள் நடுக்களத்தின் பக்கவாட்டில், ஒரு நாள் இரண்டாவது முன்கள வீரராக, ஒரு நாள் மாற்று வீரராக. பயிற்சியாளர்களும் மாறிக்கொண்டே இருந்தார்கள். 2015-16-ல் அணி 17-ஆம் இடத்தில் முடித்து, கீழே விழாமல் மயிரிழையில் தப்பியது. தப்பிப்பதற்காக ஆடும் அணியில் எவரும் ஆபத்தான பாஸ் கொடுக்கத் துணிய மாட்டார்கள். புரூனோவின் ஆட்டமோ ஆபத்தான பாஸில்தான் இருக்கிறது. பத்துத் தடவை முயன்று ஏழு தடவை பந்தை இழப்பார், மிச்சமுள்ள மூன்றில் ஒன்று கோலாகும். சீரி ஆவில் அந்த ஏழு இழப்புகளை மன்னிக்க மாட்டார்கள்.

அதற்கடுத்த ஆண்டு சம்ப்தோரியா. அங்கே பயிற்சியாளர் ஜம்பாவ்லோவின் அமைப்பில் த்ரெக்வார்த்திஸ்தாவுக்கு இடம் இருந்தது, ஆனால் அது எப்போதும் இவருடையதாக இல்லை. 33 லீக் ஆட்டம், 5 கோல். ஆக சீரி ஆவில் நான்கு பருவங்களில் மொத்தம் 15 கோல்.

இந்த ஐந்து ஆண்டுகளை வீணான காலம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் பந்து இல்லாதபோது ஓடுவதைப் பாருங்கள். எதிரணித் தடுப்பாளர் எந்தப் பக்கம் பாஸ் கொடுக்கப் போகிறார் என்பதை முன்கூட்டியே கணித்து, அந்த வழியை உடம்பால் அடைத்துக்கொண்டே அழுத்துவார். சுதந்திரமாகத் திரியும் ஆட்டக்காரர்களில் இதைச் செய்கிறவர்கள் குறைவு. இடமே கொடுக்காத லீகில், பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பிப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கமும் அங்கே முற்றியதுதான்.

2017 ஜூனில் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் 85 லட்சம் யூரோ கொடுத்து அவரை வீட்டுக்கு அழைத்துவந்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இத்தாலியில் இருந்தபோது போர்ச்சுகலின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்குத் தலைவர், ரியோ ஒலிம்பிக்கிலும் ஆடியவர். ஆனால் சீனியர் தேசிய அணியில் ஒரு ஆட்டம்கூட இல்லை. 2016-ல் போர்ச்சுகல் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது இவர் வெளியே. லிஸ்பனுக்குத் திரும்பி ஐந்தே மாதத்தில், 2017 நவம்பரில், சவூதி அரேபியாவுக்கு எதிராக முதல் சீனியர் ஆட்டம். ஐந்து மாதத்தில் ஒருவர் அவ்வளவு மாறிவிட முடியாது. பார்க்கிறவர்கள் கண்ணெதிரே வந்துவிட்டார், அவ்வளவுதான்.

ஸ்போர்ட்டிங்கில் பயிற்சியாளர் ஜோர்ஜே ஜேசுஸ் அவரை நெட்டையான முன்கள வீரர் பாஸ் டோஸ்டுக்குப் பின்னால் நிறுத்தினார். கடைசியில் அவருக்கான இடம் கிடைத்தது. முதல் பருவத்திலேயே லீகின் சிறந்த வீரர். அதே பருவத்தின் முடிவில்தான் அந்தக் கொடுமை. 2018 மே 15, அல்கொஷேத்தேயில் உள்ள பயிற்சி மையத்துக்குள் முகமூடி அணிந்த ரசிகர்கள் ஏறத்தாழ 50 பேர் புகுந்து சொந்த அணி வீரர்களையே அடித்தார்கள். பாஸ் டோஸ்டின் தலையில் காயம். ஒன்பது வீரர்கள் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள், புரூனோவும் ஒருவர். எந்தக் கிளப்புக்கும் இலவசமாகப் போயிருக்கலாம். கிளப் தலைவர் பதவி நீக்கப்பட்ட பிறகு, ஜூலையில் இவர் திரும்பி வந்து மறுபடி கையெழுத்திட்டார். அடுத்த பருவம்தான் உலகம் திரும்பிப் பார்த்த பருவம். நடுக்கள வீரராக இருந்துகொண்டு லீகில் மட்டும் 20 கோல், எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 30-க்கு மேல். போர்ச்சுகல் கோப்பையும் லீக் கோப்பையும் வந்தன. பெனால்டியும் ஃப்ரீ கிக்கும் அவர் பொறுப்பில் இருந்ததால் எண் கூடியது என்பார்கள், அது உண்மைதான். ஆனால் அந்தப் பொறுப்பை உதினேசேயில் யாரும் முழுதாக அவர் கையில் தந்ததில்லை என்பதும் உண்மை.

மான்செஸ்டர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், வேகமாகச் சொல்கிறேன். 5 கோடியே 50 லட்சம் யூரோ, அதற்கு மேல் நிபந்தனைத் தொகைகள். 2020 பிப்ரவரியில் ஆடத் தொடங்கியவர், அந்த ஒரே ஆண்டில் நான்கு முறை பிரீமியர் லீகின் மாத வீரர். அதற்கு முன் ஒரு காலண்டர் ஆண்டில் அதை யாரும் செய்ததில்லை. 2020-21-ல் லீகில் 18 கோல். 2021 யூரோப்பா லீக் இறுதியில் வில்லாரியலிடம் பெனால்டியில் 11-10 என்று தோற்ற இரவு எனக்கு இன்னும் வலிக்கிறது. ஆன்ஃபீல்டில் லிவர்பூலிடம் 7-0 என்று நொறுங்கிய நாளில் தலைவர் பட்டை இவர் கையில்தான் இருந்தது. கைகளை உதறி, சக வீரர்களிடம் கத்திய அந்த ஆட்டத்துக்காக அவரை நான் மன்னிக்க முயன்றேன், இன்னும் முழுதாக முடியவில்லை. ஆனாலும் 2023 லீக் கோப்பை, 2024 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் சக வீரர் மைனூவுக்குக் கோலடிக்கக் கொடுத்த அந்தப் பாஸ், 2024-25-ல் அணி 15-ஆம் இடத்துக்குச் சரிந்தபோதும் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 19 கோல் என்று தோளில் சுமந்தவரும் இவரே. 2024 மே மாதம் வரை யுனைடெட்டுக்காகக் காயம் காரணமாக ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. 2025 கோடையில் சவூதி கிளப் அல் ஹிலால் பெரும் பணத்தோடு கூப்பிட்டது, போகவில்லை.

சிலர் நோவாராவிலும் உதினேசேயிலும் யாரும் திறமையைக் கண்டுகொள்ளவில்லை என்கிறார்கள். நோவாரா கண்டுகொண்டது, உதினேசே கண்டுகொண்டது. கண்டுகொண்டவர்களின் குரல் எட்டும் தூரம் குறைவு, அதுதான் விஷயம்.

நேரம் கிடைத்தால் 2016 ஏப்ரல் 3 அன்று நடந்த உதினேசே - நாப்போலி ஆட்டத்தின் காட்சிகளைத் தேடிப் பாருங்கள். நாப்போலி பட்டத்துக்குப் போட்டியிட்ட ஆண்டு அது. உதினேசே 3-1 என்று வென்றது. அடுத்த பல நாட்கள் எல்லோரும் பேசியது நாப்போலியின் முன்கள வீரர் இகுவாயினுக்குக் கொடுத்த சிவப்பு அட்டையைப் பற்றியும், அவர் கோபத்தில் நடுவரை நெருங்கியதைப் பற்றியும்தான். நானும் அந்த அட்டையை மட்டும்தான் நினைவில் வைத்திருந்தேன். அன்று உதினேசேக்காக இரண்டு கோல் அடித்தவர் புரூனோ.