பெக்டெல் சோதனை என்றால் என்ன? ஏன் இத்தனை படங்கள் அதில் தேறுவதில்லை?

ஒரு படத்தில் பெண்களுக்கென்று தனி வாழ்க்கை இருக்கிறதா என்று பார்க்கும் எளிய அளவுகோல் இது. 1985-ல் அமெரிக்க ஓவியர் அலிசன் பெக்டெல் தன் சித்திரத் தொடரில் வரைந்தார். யோசனை தோழி லிஸ் வாலஸுடையது என்று அவரே சொல்லியிருக்கிறார். படத்தில் குறைந்தது இரண்டு பெண்கள் வேண்டும், அவர்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டும், பேச்சு ஓர் ஆணைப் பற்றியதாக இருக்கக் கூடாது. இருவருக்கும் பெயர் இருக்க வேண்டும் என்பது பிற்பாடு சேர்ந்தது.

கோடம்பாக்கத்துப் படங்களையே பாருங்கள். அம்மா, தங்கை, காதலி எல்லோரும் இருப்பார்கள். ஆனால் ஒவ்வொருவரும் நாயகனுக்கு யாரோ ஒருத்தி, அவ்வளவுதான். அவர்களுக்குள் உறவே எழுதப்படுவதில்லை. அம்மாவும் காதலியும் அடுப்படியில் தனியாக நின்றாலும் "அவன் சாப்பிட்டானா?" என்பதுதான் பேச்சு. அது கணக்கில் வராது. கணவன், மகன், பார்த்திருக்கும் மாப்பிள்ளை, எல்லாமே ஆணைப் பற்றிய பேச்சுதான். பலர் தப்பாகக் கணக்கிடுவது இங்கேதான். வீட்டு வாடகையைப் பற்றி இரண்டு வரி பேசினால்கூடப் போதும், படம் தேறிவிடும். அதுவும் கிடைப்பதில்லை என்பதுதான் வேதனை.

சென்னையில் போர்வெல் தண்ணீரை டிடிஎஸ் மீட்டரால் அளப்போமே, இந்தச் சோதனையும் அதுபோலத்தான். மீட்டர் கரைந்த உப்பைக் காட்டும், கிருமியைக் காட்டாது; இந்தச் சோதனையும் பெண்கள் தங்களுக்குள் பேசுகிறார்களா என்பதைக் காட்டும், படம் நல்லதா என்பதைக் காட்டாது. ஒரே படத்தைவிட, ஓராண்டில் வந்த படங்களை வரிசையாக அளந்தால்தான் நிலைமை புரியும்.

தேறினால் பெண்ணியப் படம், தேறாவிட்டால் பெண்ணுக்கு எதிரான படம் என்று நினைப்பது தவறு: ஒற்றைப் பெண்ணின் போராட்டத்தை மட்டும் சொல்லும் அருமையான படம் முதல் நிபந்தனையிலேயே நின்றுவிடும்.