ரேட்டிங் 'குட்', அம்மாவுக்குக் கிடைப்பதோ 12 நிமிடம்

கேள்வி: லண்டன் ஹாரோவில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்கு 81 வயது. கவுன்சில் (உள்ளாட்சி) ஏற்பாடு செய்த வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சியிலிருந்து நாளுக்கு மூன்று தடவை கேரர் (பராமரிப்பாளர்) வருகிறார். ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் என்று பேச்சு. நான் கூட இருந்த மூன்று நாளும் 12 நிமிடத்தைத் தாண்டவில்லை. பராமரிப்புச் சேவைகளைக் கண்காணிக்கும் சி.க்யூ.சி. அமைப்பு அந்த ஏஜென்சிக்குக் கொடுத்த ரேட்டிங் 'குட்'. அம்மாவோ, "பாவம் பிள்ளையள், நல்லாத்தான் பாக்கினம்" என்கிறார். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, வீட்டில் கேரர் எழுதிவைக்கும் பதிவுப் புத்தகத்தை எடுங்கள். ஆப்பில் பதிகிறார்கள் என்றால், குடும்பத்தாருக்கான லாகின் கேளுங்கள்.

'08:00 – 08:30, காலை உணவு கொடுத்தேன், நலமாக இருக்கிறார்.' இதே வரி, இதே நேரம், நாள் தவறாமல் இருக்கிறதா? நிஜத்தில் வந்துபோனால் 8:07, 8:41 என்று முன்பின்னாகத்தான் இருக்கும். அடுத்து மாத்திரைத் தாள். கொடுத்ததாகக் கையெழுத்து இருக்கும். அந்த நாளின் மாத்திரை அட்டையிலேயே இருக்கும். நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பிறகு ஒரு மாதத்தில் எத்தனை வேறு வேறு பெயர்கள் என்று எண்ணுங்கள். அம்மாவைக் குளிக்க வைக்க வாரம் ஒரு புது முகம் என்றால், அவர் குளியலே வேண்டாம் என்பார். புத்தகத்தில் 'மறுத்துவிட்டார்' என்று ஏறும்.

'குட்' பொய் என்று சொல்லவில்லை. 2009 முதல் இங்கிலாந்தில் இந்தச் சேவைகளைக் கண்காணிப்பது சி.க்யூ.சி.தான். பாதுகாப்பு, பலன், பரிவு, தேவைக்கேற்ற கவனிப்பு, நிர்வாகம் என ஐந்தையும் பார்த்துத்தான் மதிப்பிடுகிறார்கள். ஆனால் முதியோர் இல்லத்தில் நுழைந்து சாப்பாட்டு வேளையைப் பார்ப்பதுபோல வீட்டுப் பராமரிப்பைப் பார்க்க முடியாது. பெரும்பாலும் ஏஜென்சி ஆபீஸில் கோப்புகளைப் புரட்டுவார்கள், சில குடும்பங்களுக்குப் போன் செய்வார்கள், சம்மதித்த சில வீடுகளுக்குப் போவார்கள். உங்கள் அம்மாவின் அடுக்களை அதில் இருந்திருக்க வாய்ப்பு குறைவு. அறிக்கையின் தேதியையும் பாருங்கள். 2024இல் டாக்டர் பென்னி டாஷ் சி.க்யூ.சி.யையே ஆய்வு செய்தபோது, சமூகப் பராமரிப்பில் நடப்பிலிருந்த ஆகப் பழைய ரேட்டிங் 2015 அக்டோபரில் கொடுத்தது.

12 நிமிடத்துக்குக் கேரரை மட்டும் திட்டாதீர்கள். ஒரு வீடு முடிந்த அதே நிமிடத்தில் அடுத்த வீடு என்று ரோட்டா போட்டு, பஸ்ஸில் போகும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காத ஏஜென்சிகள் உண்டு. மேனேஜரிடம், "எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே எத்தனை நிமிடம் விட்டிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அரை மணிக்குக் குறைந்த வருகை, தெரிந்த கேரர் வந்து குறிப்பிட்ட ஒரு சின்ன வேலையை முடிக்கவோ, நலமா என்று எட்டிப் பார்க்கவோதான் பொருந்தும்; அதுவும் பெரிய பராமரிப்பு ஏற்பாட்டின் ஒரு பகுதியாக இருக்கவேண்டும். இது, மருத்துவத்துக்கும் பராமரிப்புக்கும் வழிகாட்டல் வெளியிடும் நைஸ் அமைப்பின் 2015 வழிகாட்டல். குளியலும் உணவும் மாத்திரையும் 12 நிமிடத்தில் அடங்காது.

புகாரை ஏஜென்சி மேனேஜருக்கு எழுத்தில் அனுப்பி, கவுன்சிலுக்கும் நகல் போடுங்கள். ஏற்பாடு அவர்களுடையது, பொறுப்பும் அவர்களுக்கு உண்டு. தீராவிட்டால், உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்புப் புகார்களை விசாரிக்கும் ஒம்பட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் இல்லை. சி.க்யூ.சி.க்கும் சொல்லுங்கள், ஆனால் தனிப்பட்ட புகாரை அவர்கள் தீர்த்துவைப்பதில்லை. அடுத்த ஆய்வுக்குத் தகவலாக எடுத்துக்கொள்வார்கள். படுக்கைப் புண், விடுபட்ட மாத்திரை, பணம் காணாமல் போவது என்றால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம். அன்றே கவுன்சிலின் சேஃப்கார்டிங் (பாதுகாப்பு) பிரிவுக்குப் போன்.

புகார் சொன்னால் வருவதையும் நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் அம்மாவுக்கு இருக்கும். அவருடைய தேவைக்கு ஏற்பாடு செய்யும் கடமை 2014 கேர் சட்டப்படி கவுன்சிலுக்கு. ஏஜென்சி மாறினாலும் அந்தக் கடமை மாறாது என்று சொல்லுங்கள். எழுதுவதற்கு முன், கடைசி நான்கு வாரப் பதிவுகளையும் மாத்திரைத் தாளையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.