பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது, பேடை ஏன் மாற்ற வேண்டும்?

நாமக்கல் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என் 150 சிசி பைக் 17,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக். பேட் தேய்ந்துவிட்டது, மாற்றணும் என்கிறார் மெக்கானிக். ஆனால் பிரேக் நன்றாகவே பிடிக்கிறது. இந்த மாதக் கடைசியில் கொல்லிமலை போகிறோம். தேய்மானத்தை நானே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா?"

தாராளமாக முடியும். ஒரு டார்ச் போதும், எதையும் கழற்ற வேண்டாம். ஆனால் பிரேக் பிடிப்பதை வைத்து மட்டும், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடை எடை போடாதீர்கள். டிரம் பிரேக்கில் ஷூ தேயத் தேய பெடல் இறங்கும். நட்டைத் திருகி முடுக்குவோம். டிஸ்க்கில் அந்த எச்சரிக்கை கிடையாது. பேட் தேய்ந்த அளவுக்கு, பேடுகளைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வி நிற்கும் காலிப்பரில் உள்ள பிஸ்டன் (பேடைத் தள்ளும் உருளை) தானாகவே முன்னே வந்து நின்றுகொள்ளும். அதனால் பேட் கரைந்து முடியும் தறுவாயிலும் லிவர் பழையபடியே இருக்கும். கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

பைக்கை ஸ்டாண்டில் நிறுத்தி, காலிப்பருக்குள் டிஸ்க் நுழைகிற இடுக்கில் டார்ச் அடியுங்கள். டிஸ்க்கின் இரு பக்கமும் ஒட்டினாற்போல் கருஞ்சாம்பல் நிறத்தில், சொரசொரப்பாக ஒரு அடுக்கு தெரியும். தேய்வது அதுதான். அதன் முதுகில் இருப்பது இரும்புத் தகடு. பலர் தகட்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு "இன்னும் நிறைய இருக்கே" என்று எழுந்துவிடுகிறார்கள். தகட்டைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. புதிய பேடில் அந்த அடுக்கு சுமார் 4, 5 மில்லிமீட்டர் இருக்கும். 2 மில்லிமீட்டருக்கு வந்தால் புதிதை வாங்கிவிடுங்கள். 1 மில்லிமீட்டர்தான் என்றால் வண்டியை எடுக்காதீர்கள். பல பேடுகளில் நடுவே ஒரு பள்ளக்கோடு இருக்கும். அது மறைந்துவிட்டாலும் பேடின் ஆயுள் முடிந்தது. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு கொடுத்திருந்தால் அதுதான் சரி.

இரண்டு பேடையும் பார்க்க வேண்டும், முக்கியமாகச் சக்கரத்தை ஒட்டிய உள்பக்கத்துப் பேடை. நம் ஊர் பைக்குகளில் பெரும்பாலும் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும்தான். காலிப்பர் தன் பின்களில் (வழுக்கி நகர உதவும் கம்பிகளில்) நகர்ந்து மறுபக்கப் பேடை அழுத்தும். மழையும் சேறும் பட்டு அந்த பின்கள் இறுகிப்போனால் ஒரு பேட் தேய்ந்து தகடாகும், மற்றது புதிதுபோல இருக்கும். அப்போது வெறுமனே பேடை மாற்றினால் அதுவும் அப்படியே தேயும். பின்களைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கான கிரீஸ் போடச் சொல்லுங்கள்.

அப்புறம் பின் சக்கரம். பெடல் மேலேயே கால் வைத்து ஓட்டும் பழக்கம் இருந்தால் பின் பேட்தான் முதலில் தீரும். சேறும் அங்கேதான் அதிகம் அடிக்கும். குனிந்து பாருங்கள்.

ஹேண்டில்பாரில் உள்ள பிரேக் ஆயில் டப்பாவும் சேதி சொல்லும். பேட் தேய்ந்தால் பிஸ்டன் முன்னேறும். அதன் பின்னால் உண்டாகும் இடத்தை ஆயில் நிரப்பும். டப்பாவில் மட்டம் குறையும். உடனே ஊற்றி நிரப்பினால் அந்தத் தடயம் போய்விடும். பிறகு புதுப் பேட் போட பிஸ்டனைத் தள்ளும்போது ஆயில் பொங்கி வழிந்து பெயின்ட்டையும் அரிக்கும். பேட் தடிமனாக இருந்தும் மட்டம் குறைந்திருந்தால் எங்கோ கசிவு. அப்படியென்றால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

கிரீச் என்ற சத்தம் தூசியாலும் வரலாம். இரும்பு இரும்பை அரைக்கிற கரகர சத்தம் என்றால் தகடு டிஸ்க்கைச் செதுக்குகிறது என்று அர்த்தம். டிஸ்க் விலை பேடைவிடப் பல மடங்கு.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போதுதான் சோதனை. மெலிந்த பேட் சூட்டைச் சீக்கிரமே பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் கடத்திவிடும். ஈரம் ஏறிய பழைய ஆயில் அந்தச் சூட்டில் கொதித்தால் குமிழி உண்டாகி, லிவர் கைப்பிடி வரை சும்மா போகும். ஆயிலை மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் அதையும் இப்போதே மாற்றுங்கள். இறக்கத்தில் இரண்டாவது கியரில் இறங்கினால் பாதி வேலையை இன்ஜினே பார்த்துக்கொள்ளும்.

பேடை மாற்றுவதானால் இந்த வாரமே மாற்றுங்கள், கிளம்புவதற்கு முந்தைய நாள் வேண்டாம். புதுப் பேட் டிஸ்க்கோடு பொருந்த 200, 300 கிலோமீட்டர் ஓட வேண்டும். அதுவரை முழுப் பிடிப்பு வராது. இன்னொன்று, மெக்கானிக் வேலையை முடித்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன் லிவரையும் பெடலையும் கெட்டிப்படும்வரை பலமுறை அழுத்துங்கள். பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் திரும்ப வந்து பேடைத் தொடும்வரை பிரேக்கே இருக்காது.